அடிபடாமலே மூளையில் ரத்தக்கசிவு: 'ப்ளட் தின்னர்' போடுபவர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

2025 டிசம்பரில் ஆஸ்ட்ராஜெனகா நிறுவனம் 'ஆண்டெக்ஸா' என்ற மருந்தின் விற்பனையை அமெரிக்காவில் நிறுத்திக்கொண்டது. நம்மூரில் மருத்துவர்கள், மருந்து வியாபாரிகளைத் தாண்டி இதை யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த மருந்து எதற்காக வந்தது, ஏன் போனது என்பதில் நம் வீடுகளுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்தால், அந்த மாத்திரையின் வேலையைச் சட்டென்று முறிக்க ஒரு மருந்து வேண்டும். ஆண்டெக்ஸா அப்படிப்பட்ட முறிமருந்து. 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அப்போது ஒரு நோயாளிக்கு ஆன செலவு 20 ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் வெளியான பெரிய ஆய்வில், இந்த மருந்து கொடுத்தவர்களில் 67 சதவீதம் பேருக்குக் கசிவு கட்டுப்பட்டது. வழக்கமான சிகிச்சையில் அது 53 சதவீதம். நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் அதே ஆய்வில், மருந்து கொடுத்தவர்களில் 6.5 சதவீதம் பேருக்கு ரத்தம் உறைந்து, அடைப்பினால் பக்கவாதம் வந்தது. மற்றவர்களில் அது 1.5 சதவீதம்தான். கசிவு நின்றது சரி, ஆள் எழுந்து நடந்தாரா, உயிர் பிழைத்தாரா என்று பார்த்தால் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உறைவதைத் தடுத்தால் கசிகிறது. கசிவதைத் தடுத்தால் உறைகிறது. இந்த இழுபறிக்கு நடுவில்தான் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு சின்ன மாத்திரையை விழுங்கிக்கொண்டு நம் வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மங்களூர் என்றால் எந்த மங்களூர்?

இதை அமெரிக்காவில் வைத்துப் பேசுவதைவிட கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் வைத்துப் பேசினால் நன்றாகப் புரியும். மங்களூர் என்றதும் கர்நாடகக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். இது திட்டக்குடி வட்டத்தில் இருக்கும் மங்களூர் ஒன்றியம். 2001-ல் தொல். திருமாவளவன் சட்டமன்றத்துக்குத் தேர்வானாரே, அந்தப் பழைய மங்களூர் தொகுதியின் ஊர். தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் போய் இப்போது திட்டக்குடி தொகுதி ஆகிவிட்டது. பக்கத்துப் பெரிய ஊர் என்றால் பீங்கான் பொம்மைக்கும் செராமிக் சூளைகளுக்கும் பேர் போன விருத்தாசலம். பெரம்பலூரும் அரியலூரும் இன்னொரு திசையில். பெரிய சிகிச்சை என்றால் புதுச்சேரி ஜிப்மர், இல்லையென்றால் திருச்சி. இந்த ஒன்றியத்தின் ஒரு கிராமத்திலிருந்து அந்த இரண்டு ஊர்களில் எதற்குப் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

அடிபடாமல் எப்படிக் கசியும்?

'தானாக' ரத்தக்கசிவு என்று டாக்டர்கள் சொல்வதற்கு அர்த்தம், கீழே விழவில்லை, வண்டி மோதவில்லை, தலையில் எதுவும் படவில்லை என்பதுதான். காரணமே இல்லை என்று அர்த்தமில்லை. மூளையின் ஆழத்தில் தலைமுடியைப் போல மெல்லிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பி.பி. அவற்றின் சுவரை நைந்துபோகச் செய்கிறது. வயதானவர்கள் சிலருக்கு மூளையின் மேற்பரப்புக் குழாய்களில் அமிலாய்ட் என்ற புரதம் படிந்து, சுவர் பொரபொரவென்று ஆகிவிடுகிறது. இரண்டில் எதுவானாலும் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழலாம்.

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைச் சரிசெய்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை அந்த ஓட்டையைப் போடுவதில்லை. வயல் வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் கசியும். ஒரு கை சேறு எடுத்து அப்பினால் நின்றுவிடும். உடம்பும் அதைத்தான் செய்கிறது. சின்னக் கசிவுகள் நமக்குத் தெரியாமலே அடைபட்டுப் போகின்றன. மாத்திரை போடுபவருக்கு அந்தச் சேறு குழைவதில்லை, அவ்வளவுதான். விரலளவு வளை மடையாகிவிடுகிறது. மற்றவர்களுக்குச் சில மணி நேரத்தில் நின்றுவிடக்கூடிய கசிவு, இவர்களுக்கு ஒரு நாள்கூடத் தொடர்ந்து பெருகலாம். மண்டையோட்டுக்குள் இடம் கிடையாது. பெருகும் ரத்தம் மூளையை நசுக்குகிறது. வார்ஃபரின் வகை மாத்திரை போடும்போது இப்படி நேர்ந்தவர்களில் சுமார் பாதிப் பேர் முதல் மாதத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம்.

பயமுறுத்தும் எண்தான். ஆனால் இது எவ்வளவு பேருக்கு நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011-ல் வெளியான 'அரிஸ்டாட்டில்' ஆய்வில் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத 18,201 பேர் இருந்தார்கள். வார்ஃபரின் எடுத்தவர்களில் வருஷத்துக்கு 100-ல் 0.8 பேருக்குத் தலைக்குள் ரத்தக்கசிவு. புதிய மாத்திரையான அபிக்சபான் எடுத்தவர்களில் 0.33 பேருக்கு. அந்தப் பக்கம், இந்த இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அடைப்புப் பக்கவாதம் வரும் வாய்ப்பை வார்ஃபரின் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. அதனால்தான் டாக்டர் எழுதித் தருகிறார். ஒரு விஷயம் மட்டும்: வார்ஃபரின் எடுக்கும்போது ஆசிய மக்களுக்கு மூளை ரத்தக்கசிவு வாய்ப்பு வெள்ளையர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் அமெரிக்கக் கணக்கை அப்படியே நம் வீட்டுக்கு எடுத்து வர முடியாது.

எல்லா 'தின்னரும்' ஒன்றில்லை

"அப்பா ரத்தம் தின் ஆக மாத்திரை போடுறார்" என்று எல்லாருமே சொல்கிறோம். எந்த மாத்திரை என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. உண்மையில் எந்த மாத்திரையும் ரத்தத்தைத் தண்ணியாக்குவதில்லை. உறையும் வேலையில் வெவ்வேறு கண்ணியை வெட்டுகின்றன.

எகோஸ்ப்ரின், க்ளோபிடோக்ரெல் ஆகியவை தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுப்பவை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுப்பது. இரண்டாவது வகை வார்ஃபரின், அசிட்ரோம். கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கும் உறைதல் காரணிகளைக் குறைப்பவை. இதில் வார்ஃபரினுக்கு ஒரு முன்கதை உண்டு: 1948-ல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. மனிதர்களுக்கு 1954-ல் அனுமதி. அடுத்த வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே கொடுத்தார்கள். மூன்றாவது வகை புதுசு: டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான். காப்புரிமை முடிந்து இந்திய கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்த பிறகு இவற்றின் விலை நன்றாக இறங்கிவிட்டது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம், மூளைக் கசிவும் வார்ஃபரினைவிடக் குறைவு.

அப்படியென்றால் எல்லாரையும் புதுசுக்கு மாற்றிவிடலாமே? முடியாது. காரணம் நம்ம ஊர் இதயங்களின் வரலாறு. சின்ன வயசில் தொண்டைப் புண், அதைத் தொடர்ந்து மூட்டு வலியோடு காய்ச்சல், அதிலிருந்து ருமாட்டிக் இதய நோய், கடைசியில் மைட்ரல் வால்வு சுருங்குவது. நெருக்கமான வீடுகளில், வறுமையில் வளரும் நோய் இது. பணக்கார நாடுகள் ஏறக்குறைய மறந்துவிட்டன. இந்தியாவில் முப்பது, நாற்பது வயதிலேயே வால்வு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் நிறைய. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட டி.டி.கே. சித்ரா வால்வு இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போயிருக்கிறது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாத குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது. ஆனால் இயந்திர வால்வு வைத்தவர், அது எந்த கம்பெனி வால்வானாலும், ஆயுள் முழுக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுத்தே ஆக வேண்டும். புதிய மாத்திரையை இவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. உறைதலும் கூடியது, கசிவும் கூடியது.

வால்வு மாற்றாத, ருமாட்டிக் நோயோடு ஒழுங்கற்ற துடிப்பும் உள்ளவர்களுக்கு? 2022-ல் வந்த 'இன்விக்டஸ்' ஆய்வு, இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்தது. அங்கேயும் பழைய வார்ஃபரின் வகைதான் ஜெயித்தது. ரிவராக்சபான் எடுத்தவர்களில் மரணம் அதிகம். ஆக, "புதுசு வந்துடுச்சு, இன்னும் பழசையே எழுதுறாரே" என்று டாக்டர் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு எண்ணும் பத்து எதிரிகளும்

வார்ஃபரின், அசிட்ரோம் போடுபவர்களின் வாழ்க்கை ஐ.என்.ஆர். என்ற ஒரு எண்ணைச் சுற்றி ஓடுகிறது. மாத்திரை போடாதவருக்கு அது 1. ஒழுங்கற்ற துடிப்புள்ளவருக்கு 2-லிருந்து 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் இயந்திர வால்வு வைத்தவருக்கு 2.5-லிருந்து 3.5. இதற்குக் கீழே போனால் வால்வில் ரத்தம் உறையும். 4-ஐத் தாண்டினால் கசிவு அபாயம் வேகமாக ஏறும். இவ்வளவு குறுகலான வரப்பில் நடக்கச் சொல்கிறோம், அதுவும் வாழ்நாள் முழுக்க.

தள்ளிவிட ஆட்கள் நிறைய. கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் "கீரையே தொடாதே" என்பது தப்பான புரிதல். வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதையே ஒரே சீராகச் சாப்பிட்டால், அதற்கேற்ப டோஸை டாக்டர் வைத்துவிடுவார். திடீரென்று நிறுத்துவதும் திடீரென்று தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுவதும்தான் பிரச்சினை.

கீரையைவிட மோசமானவை மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைப்பவை. சூளையிலோ வயலிலோ நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, உடம்பு வலி என்று டைக்லோஃபெனாக் ஒன்று வாங்கிப் போட்டால் வயிற்றிலும் கசியலாம், தலையிலும் கசியலாம். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல், சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல், படைக்கு ஃப்ளூகோனசோல். மூன்றுமே ஐ.என்.ஆரைச் சில நாட்களில் எகிற வைக்கும். சாதாரண மாத்திரைகள்தானே என்று யாரும் சொல்வதுமில்லை, கேட்பதுமில்லை.

இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு பொறி உண்டு. டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் எதிர்ப்பக்கம் வேலை செய்யும், அதாவது ஐ.என்.ஆரை இறக்கும். டாக்டர் அசிட்ரோம் அளவை இரண்டு மடங்கு, மூன்று மடங்குகூட ஏற்ற வேண்டி வரும். ஆறு மாதம் கழித்து டி.பி. குணமாகி மருந்தை நிறுத்துகிறார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். அசிட்ரோம் மட்டும் அந்த உயர்ந்த அளவிலேயே ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த சில வாரங்களில் ஐ.என்.ஆர். சத்தமில்லாமல் ஏறும். டி.பி. சிகிச்சை ஒரு இடம், இதய சிகிச்சை இன்னொரு இடம் என்று இருக்கும்போது இதைப் பிடிக்க வேண்டியது யார்?

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு உண்மை: மூளையில் கசிந்தவர்களில் பலருக்கு ஐ.என்.ஆர். சரியான அளவில்தான் இருந்திருக்கிறது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் பி.பி. ஏற்கனவே பக்கவாதம் வந்த 6,105 பேரிடம் நடந்து 2001-ல் வெளியான 'ப்ராக்ரஸ்' ஆய்வில், பி.பி.யைக் குறைத்ததால் மட்டுமே மூளை ரத்தக்கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஐ.என்.ஆர். பார்க்க மாதம் ஒரு முறை டவுன் பஸ் பிடிப்பவர், பி.பி. மாத்திரையை "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டால் பாதி வேலை வீண்.

ஏரியல் ஷரோனுக்கு நடந்தது

உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒரு கேஸ் இருக்கிறது. இஸ்ரேல் பிரதமராக இருந்த ஏரியல் ஷரோனுக்கு 2005 டிசம்பர் 18 அன்று லேசான அடைப்புப் பக்கவாதம். இரண்டு நாளில் வீடு திரும்பினார். இதயத்தில் சின்ன ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, அதை அடைக்க 2006 ஜனவரி 5 அன்று தேதி குறித்தார்கள். அதுவரை மறுபடி உறையாமல் இருக்க ஊசி மருந்து. ஜனவரி 4 இரவு, பண்ணை வீட்டில் இருந்தபோது மூளையில் பெரிய ரத்தக்கசிவு. அங்கிருந்து ஆம்புலன்ஸில் ஜெருசலேம் ஹடாசா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பல மணி நேர அறுவை சிகிச்சைகள் நடந்தன. நினைவு திரும்பவே இல்லை. எட்டு வருஷம் அப்படியே கிடந்து 2014 ஜனவரி 11 அன்று இறந்தார். அவருடைய மூளைக் குழாய்களில் அந்த அமிலாய்ட் படிவு இருந்தது என்று பிறகு செய்தி வந்தது. தெரிந்தும் ஏன் ஊசி போட்டார்கள் என்று மருத்துவ உலகமே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது.

ஒரு நாட்டின் பிரதமர், நாட்டின் முதல் வரிசை டாக்டர்கள். அவர்களுக்கே கணக்கு தவறலாம் என்றால், எந்த டாக்டரையும் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. இது அவ்வளவு கஷ்டமான கணக்கு என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

திடீரென்று ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது. இதுவரை அனுபவிக்காத தலைவலி, வாந்தி, தள்ளாட்டம். கொஞ்ச நேரத்தில் தூக்கம் மாதிரி மயங்கிக்கொண்டே போவது. மாத்திரை போடுபவருக்கு இவற்றில் ஒன்று வந்தாலும் "படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று விடக்கூடாது. வயதானவர்களுக்கு இன்னொரு வகை உண்டு: மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவில் மெதுவாகக் கசிவது. வாரக்கணக்கில் தலைவலி, குழப்பம், நடையில் மாற்றம். வீட்டில் மறதி நோய் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

வெளியிலிருந்து பார்த்து, இது அடைப்பா கசிவா என்று யாராலும் சொல்ல முடியாது. சி.டி. ஸ்கேன் மட்டும்தான் சொல்லும். எனவே முதலில் 108. அழைக்கும்போதே "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்" என்று சொல்லிவிடுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போவது முக்கியம். ஸ்கேன் இல்லாத இடத்தில் ஒரு பாட்டில் க்ளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் திரும்பக் கிடைக்காது.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். இதில் குழப்பம் வர நியாயமான காரணம் இருக்கிறது. தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 ஜூனில் தொடங்கியதிலிருந்து, நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவர்களுக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை உடனே கொடுத்து அனுப்புகிறார்கள். மாரடைப்புக்கு அது சரியான முதலுதவி. அதே பழக்கத்தில் வாய் கோணியவருக்கும் ஒரு ஆஸ்பிரினை வீட்டில் போட்டுவிட்டால், கசிவாக இருக்கும் பட்சத்தில் எரிகிற நெருப்பில் எண்ணெய்.

வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்கில் சுற்றும் ஒரு மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும்: பக்கவாதம் வந்தால் பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுங்கள் என்று. அதில் துளி உண்மையும் இல்லை. ரத்தம் உறையாத ஒருவருக்கு அதைச் செய்வது எப்படி என்று நீங்களே யோசியுங்கள்.

மாத்திரை அட்டையை, தீர்ந்துபோன அட்டையாக இருந்தாலும் சரி, கையோடு எடுத்துப் போங்கள். கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்ற விவரம். ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சிகிச்சையே மாத்திரையின் பெயரைப் பொறுத்துத்தான் பிரிகிறது. அசிட்ரோம் என்றால் நரம்பில் வைட்டமின் கே ஊசி. மலிவானது, எங்கும் கிடைக்கும், ஆனால் வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும். அதற்கிடையில் பிளாஸ்மா ஏற்றுவார்கள், அல்லது உறைதல் காரணிகளைச் செறிவாக அடைத்த பி.சி.சி. என்ற மருந்தை. ஜெர்மனியில் 2016-ல் வெளியான சிறிய ஆய்வில், பி.சி.சி. பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு மூன்று மணி நேரத்தில் ஐ.என்.ஆர். இறங்கியது. பிளாஸ்மா பெற்றவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பி.சி.சி. விலை அதிகம், எல்லா ஊரிலும் இருப்பு இருக்காது. டாபிகாட்ரானுக்குத் தனியாக இடாருசிசுமாப் என்ற முறிமருந்து இருக்கிறது. ரிவராக்சபான், அபிக்சபானுக்கு என்று வந்ததுதான் மேலே சொன்ன ஆண்டெக்ஸா. அமெரிக்காவில் அது போன பிறகு அங்கேயும் பி.சி.சி.தான் கை கொடுக்கிறது.

ஒருவேளை ஸ்கேனில் கசிவு இல்லை, அடைப்புதான் என்று வந்தாலும் மாத்திரையின் பெயர் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை ஐ.என்.ஆர். 1.7-க்கு மேல் உள்ளவருக்குப் போடுவதில்லை. தெரியாமல் போட்டால் அடைப்பு கசிவாக மாறலாம்.

இன்னொரு நல்ல செய்தி இருக்கிறது, அதற்கு விலை உயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. 'இன்டராக்ட் 3' என்ற ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில், மூளை ரத்தக்கசிவு வந்த 7,036 பேர். வந்த ஒரு மணி நேரத்துக்குள் பி.பி.யை 140-க்குக் கீழே கொண்டுவருவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, வார்ஃபரின் வகை எடுப்பவராக இருந்தால் அதை உடனே முறிப்பது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்த இடங்களில் நோயாளிகளின் நிலை கண்கூடாக மேம்பட்டது. மாவட்ட மருத்துவமனையில் செய்ய முடியாதது இதில் எதுவும் இல்லை.

பயத்தில் நிறுத்திவிடலாமா?

இதைப் படித்துவிட்டு யாராவது இன்றிரவு மாத்திரையை நிறுத்தினால் இந்தக் கட்டுரை நல்லதைவிடக் கெடுதலே செய்ததாகும். வால்வு வைத்தவர் சில நாட்கள் விட்டால்கூட வால்வில் ரத்தம் உறைந்து மூச்சுத்திணறலோடு வந்து சேர்வார், அல்லது பக்கவாதத்தோடு. பல் பிடுங்க வேண்டும் என்று தானாக நிறுத்துபவர்கள் நிறைய. ஐ.என்.ஆர். சரியாக இருந்தால் பல சமயம் நிறுத்தாமலே பல் எடுக்கலாம். கேட்டுவிட்டுச் செய்தால் போதும்.

எகோஸ்ப்ரின் விஷயம் கொஞ்சம் வேறு. மாரடைப்போ ஸ்டென்ட்டோ இல்லாமல், "அறுபது ஆயிடுச்சு, ஒரு பாதுகாப்புக்கு" என்று போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். 19,114 முதியவர்களிடம் நடந்த 'ஆஸ்ப்ரீ' ஆய்வில் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்குத் தலைக்குள் கசிவு. எடுக்காதவர்களில் 0.8. பதிலுக்குக் கிடைத்த நன்மை எதுவும் இல்லை. அப்பா அம்மாவுக்கு யார், எதற்காக எழுதித் தந்தார்கள் என்று அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்டுவிடுங்கள். தேவையில்லை என்று அவரே நிறுத்தினால் நல்லது.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, ஒரு முறை கசிந்து பிழைத்தவருக்கு மாத்திரையை மறுபடி கொடுக்கலாமா என்பது. இயந்திர வால்வு என்றால் வழியில்லை, பொதுவாக ஓரிரு வாரத்தில் மறுபடி ஆரம்பித்தே ஆக வேண்டும். ஒழுங்கற்ற துடிப்புக்காக எடுத்தவர் என்றால்? 2025-ல் 'லான்செட்' இதழில் வந்த 'ப்ரெஸ்டீஜ்' ஆய்வில் அப்படிப்பட்ட 319 பேர். மாத்திரை மறுபடி ஆரம்பித்தவர்களில் ஒரே ஒருவருக்கு அடைப்புப் பக்கவாதம், ஆரம்பிக்காதவர்களில் 20 பேருக்கு. அருமை என்று நினைக்கும்போதே அடுத்த வரி: மறுபடி மூளையில் கசிந்தது, ஆரம்பித்தவர்களில் 11 பேருக்கு, ஆரம்பிக்காதவர்களில் ஒருவருக்கு. ஆண்டெக்ஸா ஆய்வில் பார்த்த அதே இழுபறி, இன்னும் பச்சையாக. கசிவு மூளையின் ஆழத்திலா மேற்பரப்பிலா, பி.பி. கட்டுப்பாட்டில் இருக்கிறதா, வயது என்ன என்று ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் முடிவெடுக்க முடிகிறது. இதயத்தில் ரத்தம் உறையும் அந்தச் சின்னப் பையையே கருவி வைத்து அடைப்பது இன்னொரு வழி. லட்சங்களில் செலவாகும்.

மங்களூருக்கு ஒரு ஊசிமுனை போதும்

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி நிவாரணச் சேவையும், வயிற்று டயாலிசிஸுக்கான பைகளும் அந்தத் திட்டத்தில் உண்டு. மூளைக் கசிவில் பெரும் பங்கு பி.பி.யுடையது என்பதால், பெயர் சொல்லாமலே அந்தத் திட்டம் இந்த நோயோடும் சண்டை போடுகிறது.

ஐ.என்.ஆர். மட்டும் இன்னும் நோயாளி தேடிப் போகும் பரிசோதனையாகவே இருக்கிறது. மங்களூர் ஒன்றியத்தின் ஒரு கிராமத்தில் வால்வு வைத்த பெண் ஒருவர் விருத்தாசலத்துக்கோ பெரம்பலூருக்கோ போய் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மாதம் ஒரு முறை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆகிறது, பிறகு "போன தடவை சரியாத்தான இருந்துச்சு" என்று ஆகிறது. சர்க்கரை பார்ப்பது போலவே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நிமிஷத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கைக்கருவிகள் உலகச் சந்தையில் பல வருஷமாக இருக்கின்றன. ஸ்ட்ரிப் விலைதான் தடை. ஒரு ஒன்றியத்தில் வார்ஃபரின் வகை எடுப்பவர்கள் பி.பி. நோயாளிகளைப் போல ஆயிரக்கணக்கில் இருக்கப் போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு கருவி, மாதம் ஒரு நாள், எண் தவறினால் போனில் டோஸ் சொல்ல மருத்துவக் கல்லூரி இதயப் பிரிவில் ஒரு டாக்டர். ஒரே ஒரு நோயாளிக்கான ஆண்டெக்ஸா செலவில் இதை எத்தனை ஒன்றியங்களுக்குச் செய்யலாம் என்பது சாதாரணக் கூட்டல் கணக்கு.

கருவி வாங்க டெண்டர் போட்டு முடிக்க நாளாகலாம். அதற்கு முன்னால் செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் பி.பி., சர்க்கரையைக் குறித்துக்கொள்கிறாரே, அதன் பக்கத்திலேயே ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையின் பெயருக்கும் கடைசி ஐ.என்.ஆர். தேதிக்கும் ஒரு கட்டம் போட்டுவிட்டால், எந்த வீட்டைத் தேடிப் போக வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.